முட்புலத்தின் சராசரி

கடலுக்கும் மலைக்கும் நடுவே நன்னிலை என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மக்கள் தங்கள் மன்னரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். நடந்த ஐந்து தேர்தல்களிலும் ஒருவரே வென்றதால், நன்னிலை மக்கள் எதையும் ஒருமுறைதான் யோசிப்பார்கள் என்று அக்கம்பக்கத்து நாட்டார் வியந்தார்கள்.

மன்னரின் பெயர் உலகுடைத் தோன்றல். அவர் ஆட்சியில் ஐந்து கோட்டங்கள். நான்கில் ஆறு பாய்ந்தது. ஐந்தாவது கோட்டமான முட்புலத்தில் ஆறு கிடையாது, மழையும் அபூர்வம். தேர்தல் மட்டும் தவறாமல் வந்துபோனது. பின்தங்கிய கோட்டம் என்பதால் நாள்தோறும் நாற்பது தண்ணீர் வண்டிகள் அரசு செலவில் அங்கே போய்வந்தன. அந்த நாற்பது வண்டிகளால்தான் முட்புலம் உயிரோடிருந்தது.

நாட்டில் எது எவ்வளவு இருக்கிறது, யார் எப்படி வாழ்கிறார்கள் என்று அளந்து சொல்ல அளவை மன்றம் என்றோர் அமைப்பு தலைநகரில் இருந்தது. அதன் முதல் அளவையாளர் நப்பின்னை. முப்பத்தெட்டு வயது. பதினெட்டு வயதில் மன்றத்துக்குள் நுழைந்தவள், அளவுகோலைத் தவிர வேறெதையும் நம்பாமல் இருபது ஆண்டுகளைக் கழித்திருந்தாள். எண்கள் பொய் சொல்லாது, அவற்றை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது தன் பொறுப்பில்லை என்பது அவள் கொள்கை. அந்தக் கொள்கையோடு அவள் நிம்மதியாகவே உறங்கினாள்.

கடைசித் தேர்தலின்போது மன்னர் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார். கடல் கடந்து முதலீடு வரும், அது முட்புலத்தைத் தூக்கி நிறுத்தும் என்றார். முதலீடும் வந்தது. வடகடல் தீவிலிருந்து கப்பல்களில் வந்தவர்கள் பெரிய நூல் ஆலை ஒன்றைக் கட்டினார்கள். ஆனால் அதைச் சங்குத்துறைத் துறைமுகத்தில் கட்டினார்கள். முட்புலம் அங்கிருந்து பன்னிரண்டு காதம்.

முதலீட்டு அமைச்சர் கச்சிராயர் தீவினரிடம் போய், ஆலையைக் கொஞ்சம் முட்புலத்துப் பக்கமாக நகர்த்த முடியுமா என்று கேட்டார். அங்கே சாலை இல்லை, தண்ணீர் இல்லை, ஆகவே முடியாது என்றார்கள்.

கச்சிராயர் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் நப்பின்னையை அழைத்து, நாட்டின் வரைபடத்தை மேசைமேல் விரித்தார்.

"ஆலையை முட்புலத்துக்கு நகர்த்த இயலாது என்றால், முட்புலத்தை ஆலைக்கு நகர்த்துவதே ராஜதந்திரம்" என்றார்.

வரைபடத்தில் முட்புலத்தின் ஓரத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று புறப்பட்டது. வேட்டியிலிருந்து பிரிந்த நூல்போல மலையடிவாரத்தைச் சுற்றி, இரண்டு கோட்டங்களைக் கடந்து, சங்குத்துறை வரை போய் நூல் ஆலையை மட்டும் ஒரு முடிச்சாகச் சுற்றி வளைத்திருந்தது. கோட்டின் அகலம் மூன்று முழம். அரசாணைப்படி அந்த மூன்று முழமும் அது சுற்றி வளைத்த ஆலையும் இனி முட்புலம்.

"இப்போது முட்புலத்தின் மொத்த உற்பத்தியை முட்புலத்து மக்கள் தொகையால் வகுத்துச் சொல்லுங்கள்."

நப்பின்னை வகுத்தாள். ஆளுக்கு ஆறு மடங்கு உயர்ந்திருந்தது. ஐந்து கோட்டங்களிலும் முட்புலமே முதலிடம்.

"கணக்கில் பிழை உண்டா?"

"இல்லை."

"அப்படியானால் முத்திரை."

அவள் தயங்கியது உண்மை. சராசரி வேறு, சாப்பாடு வேறு என்று அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் அவளிடம் கேட்கப்பட்டது வகுத்தல் மட்டும்தான், வகுத்ததில் பிழையில்லை. முத்திரையை வைத்தாள்.

அடுத்த வாரம் மன்னர் வளர்ச்சி விழா கொண்டாடினார். அதற்கடுத்த வாரம் அரசாணை ஒன்று வெளிவந்தது: 'தண்ணீர் வண்டிகள் பின்தங்கிய கோட்டத்துக்கு உரியவை. முதலிடம் பெற்ற கோட்டத்துக்குத் தண்ணீர் அனுப்புவது அக்கோட்டத்தாரின் தன்மானத்தைப் புண்படுத்தும். ஆகவே நிறுத்தப்படுகிறது.'

இதை நப்பின்னை ஆணையைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மன்றத்தின் வாசலில் வண்டிக்காரன் ஒருவன் தன் மாடுகளை விற்க நின்றிருந்தான். ஏன் விற்கிறாய் என்று கேட்டாள்.

"முட்புலத்துக்குத் தண்ணி இழுத்த மாடுங்கம்மா. இனிமே அங்க போகக் கூடாதாம். அவங்க எல்லாம் பணக்காரங்களா ஆயிட்டாங்களாம்" என்றான் அவன்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தண்ணீர் நின்ற இருபதாம் நாள் முட்புலத்து மக்கள் மூட்டை முடிச்சோடு ஆற்றுக் கோட்டங்களை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். உடனே மூன்றாவது ஆணை வந்தது: 'வளமான இடத்தை விட்டு எவரும் வெளியேறுவதில்லை என்பது உலகறிந்த உண்மை. ஆகவே முட்புலத்திலிருந்து வெளியேறுவோர் உலகறிந்த உண்மைக்கு மாறாக நடக்கிறார்கள். அவர்களைத் திருத்த எல்லையில் வாயில் அமைக்கப்படும்.' வாயில் அமைந்தது. வேலும் அமைந்தது.

இந்த வேளையில்தான் வடகடல் தீவின் தூதர் ஹல்வார் தலைநகருக்கு வந்தார். இலக்கண நூல்களை வைத்துத் தமிழ் கற்றவர். எழுத்தில் இருப்பதுபோலவே பேசுவார். தீவினர் மேலும் பத்து ஆலைகள் நிறுவ விரும்புவதாகவும், முதலிடம் பெற்ற முட்புலம் பற்றியே அறிய விரும்புவதாகவும் அவையில் சொன்னார்.

"தங்கள் அமைச்சர் கூறுவன அனைத்தும் இனிமையாக உள்ளன, அரசே. ஆனால் இனிமையை நம்பி எங்கள் தீவில் எவரும் முதலிடுவதில்லை. முட்புலத்தின் உண்மை நிலை குறித்து அளவை மன்றத்தின் முத்திரையோடு ஓர் ஆய்வறிக்கை வேண்டும். அதை எழுதியவரே அவையில் படிக்கவும் வேண்டும்."

மன்னர் கச்சிராயரைப் பார்த்தார். கச்சிராயர் நப்பின்னையைப் பார்த்தார். பத்து நாள் அவகாசமும், அரச முத்திரையிட்ட ஆய்வு ஓலையும், ஒற்றை மாட்டு வண்டியும் அவளுக்குக் கொடுக்கப்பட்டன.

முட்புலத்தின் முதல் ஊரில் அவளை எதிர்கொண்டவள் ஒச்சம்மா. ஐம்பது வயதிருக்கும். தண்ணீர் வண்டிகள் வந்த காலத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தியவள். யாருக்கும் அரைக் குடம் கூடவும் விடமாட்டாள், குறையவும் விடமாட்டாள். இப்போது வரிசையும் இல்லை, வண்டியும் இல்லை. ஆனாலும் ஊரார் எதற்கும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"அளக்க வந்தீகளா?" என்று கேட்டாள் ஒச்சம்மா. "போன தடவ அளந்தது யாரு?"

"நான்தான்" என்றாள் நப்பின்னை.

"அப்பிடியா தாயி. எங்களுக்கெல்லாம் என்னமோ ஆறு மடங்கு ஏறிருச்சுன்னு தண்டோரா போட்டாங்க. அது எங்கிட்டு இருக்குன்னு காட்டுங்க. குடத்த எடுத்துக்கிட்டு வாரேன்."

சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நப்பின்னையும் தலை நிமிரவில்லை.

இந்த முறை அவள் தலைநகரில் உட்கார்ந்து வகுக்கவில்லை. ஊர் ஊராக நடந்தாள். உச்சிப்பொழுதில் மேட்டில் ஏறி நின்று எத்தனை கூரைகளில் அடுப்புப் புகை எழுகிறது என்று எண்ணினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுள்ள ஊரில் நாற்பத்தொரு கூரைகளில் புகை. பெண்களோடு சேர்ந்து தண்ணீருக்கு நடந்தாள். ஊற்றுக்குப் போக ஒரு காதம், திரும்ப ஒரு காதம், ஊற்றில் ஒரு குடம் நிறைய ஒரு நாழிகை. பூட்டிய கதவுகளை எண்ணினாள். ஒரு கதவின் வெளித் திண்டில் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வாயில் அமைவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள், தன்னால் நடக்க முடியவில்லை என்றார். மறுநாள் அவள் அந்த வழியாக வந்தபோது திண்டு காலியாக இருந்தது. யாரிடமும் அவள் எதுவும் கேட்கவில்லை. அறிக்கையில் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் காலை ஒச்சம்மாவின் மகள் அங்காளிக்கு இடுப்பு வலி கண்டது. தலைப்பிரசவம். ஊர் மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"புள்ள குறுக்கால கெடக்கு. என் கையில ஆகாது. நீர்மங்கலத்துல தாயம்மைன்னு ஒரு வைத்தியச்சி இருக்கா, அவ திருப்புவா. மத்தியானத்துக்குள்ள கொண்டுபோனா ரெண்டு உசுரும் தங்கும்."

நீர்மங்கலம் அடுத்த கோட்டம். வாயிலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒச்சம்மா நப்பின்னையின் கையைப் பிடித்தாள். முதல் நாள் கேட்ட கேள்வியின் கூர்மை அந்தக் குரலில் இல்லை. "ஒங்க வண்டி இருக்குல்ல தாயி?"

வாயிலில் சேந்தனார் என்ற அதிகாரி இருந்தார். கடமையில் தவறாதவர், கையூட்டு வாங்காதவர். அதனாலேயே அவரைத் தாண்டுவது கடினம். வண்டிக்குள் படுத்திருந்த அங்காளியை அவர் எட்டிப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்திருந்தாள்.

"முட்புலத்தார் வெளியேறுவதற்கு ஆணையில் இடமில்லை" என்றார்.

"பிரசவம் ஆபத்தாக இருக்கிறது. நீர்மங்கலத்து வைத்தியச்சியிடம் கொண்டுபோகிறேன்."

"முதலிடம் பெற்ற கோட்டத்தில் வைத்தியர் இல்லாமலா இருப்பார்கள்? அம்மையீர், இந்தக் கோட்டம் முதலிடம் என்று முத்திரை வைத்ததே தாங்கள் அல்லவா?"

வண்டிக்குள்ளிருந்து அங்காளி ஒருமுறை கத்தினாள். ஒச்சம்மா சக்கரத்தைப் பிடித்தபடி நின்றாள். காவலர்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேல் மட்டும் குறுக்கேதான் இருந்தது.

நப்பின்னை தன் ஆய்வு ஓலையை எடுத்து விரித்தாள். 'ஆய்வுக்குத் தேவைப்படும் மண், நீர், விதை மற்றும் ஏனைய மாதிரிகளை முதல் அளவையாளர் தடையின்றி எடுத்துச் செல்லலாம்.'

"இதைப் படியுங்கள்."

சேந்தனார் படித்தார். "ஆம். மாதிரிகளுக்குத் தடையில்லை."

"இவள் மாதிரி."

"எதற்கு மாதிரி?"

"முட்புலத்து மக்களுக்கு."

சேந்தனார் ஓலையை மறுபடி படித்தார். 'ஏனைய' என்ற சொல்லின் கீழே விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். மாட்டின் கழுத்துமணி ஒலித்தது. வண்டிக்குள்ளிருந்து சத்தம் வரவில்லை. சத்தம் வராததுதான் நப்பின்னையை அதிகம் பயமுறுத்தியது.

"ஒரு மாதிரியா, இரண்டா?" என்று கேட்டார் அவர்.

"ஒன்று. இரண்டாவதை இன்னும் அளக்கவில்லை."

"அது முறை" என்றார் சேந்தனார். ஆய்வு மாதிரி என்ற முத்திரையை மையில் தோய்த்து அங்காளியின் மணிக்கட்டில் குத்தினார். ஒச்சம்மா வண்டியில் ஏறக் காலெடுத்தபோது கையை நீட்டித் தடுத்தார். "மாதிரிக்குத் துணை செல்ல ஓலையில் இடமில்லை."

ஒச்சம்மா காலைக் கீழே வைத்தாள். மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். "போ ஆத்தா. மாதிரின்னு சொல்லட்டும், மண்ணுன்னு சொல்லட்டும். நீ உசுரோட கெட, அது போதும்" என்றாள். வேல் விலகியது. வண்டி பறந்தது.

தாயம்மை வைத்தியச்சி கைதேர்ந்தவள். வெளிச்சம் சாயும்முன் குழந்தையைத் திருப்பி எடுத்துவிட்டாள். பெண் குழந்தை. தாய்க்கு நிறைய ரத்தம் போயிருந்தது. ஆனாலும் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். தாயம்மை ஒரு செம்பு நிறையக் கொடுத்தபோது அங்காளி அதில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் திருப்பி நீட்டினாள். "அம்மாவுக்கு வையுங்க" என்றாள். தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கு இன்னும் தெளியவில்லை.

நப்பின்னை வெளியே வந்து, அந்த வீட்டுக் கொல்லையில் ஓடிய வாய்க்காலின் கரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு அங்கேயே அமர்ந்து அறிக்கையை எழுதத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் தலைநகரில் கச்சிராயர் அதைப் படித்தார். அவர் கோபப்படவில்லை. எழுதுகோலை எடுத்துக்கொண்டு, மூத்த ஆசிரியர் மாணவர் ஏட்டைத் திருத்துவதுபோல அமைதியாகத் திருத்தினார்.

"'தண்ணீர் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்மறையாக உள்ளது. 'வெள்ள அபாயம் அறவே இல்லை' என்று இருக்கட்டும். 'அடுப்புகளில் புகை இல்லை' என்பதை 'காற்று மிகத் தூய்மையானது' என்று மாற்றுவோம். 'எண்பது வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன' என்றால் 'புதிதாகக் குடியேறுவோருக்கு எண்பது வீடுகள் ஆயத்தம்'. பாருங்கள், இதில் எதுவாவது பொய்யா?"

நப்பின்னை பார்த்தாள். எதுவும் பொய்யில்லை. மூன்று முழக் கோட்டை வைத்து அவள் வகுத்துக் கொடுத்த சராசரியைப் போலவே ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தது.

"இதில் நான் முத்திரை வைக்க மாட்டேன்" என்றாள்.

கச்சிராயர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "வாயிலிலிருந்து சேந்தனார் ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார். தாங்கள் ஒரு மாதிரியை எடுத்து வந்திருக்கிறீர்களாம். ஆய்வு முடிந்ததும் மாதிரியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும் என்பது தங்கள் மன்றத்து விதிதானே? பச்சிளம் குழந்தையோடு முட்புலத்தில் இந்தக் கோடை... விதி என்றால் விதி. என்ன செய்ய? நாளை காலை அவை கூடுகிறது. எந்த அறிக்கை என்று தாங்களே முடிவு செய்யுங்கள்."

அன்று பிற்பகலே நப்பின்னை நீர்மங்கலத்துக்கு வண்டியை விரட்டினாள். எல்லாவற்றையும் தாயம்மையிடம் சொன்னாள். தாயம்மை குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாதிரி கெட்டுப்போனா என்ன பண்ணுவீங்க உங்க மன்றத்துல?"

"தூக்கி எறிஞ்சுட்டு, எறிஞ்சாச்சுன்னு எழுதி வைப்போம்."

"அப்ப எழுதிடு. வைத்தியச்சி சாட்சின்னு போட்டுக்க. இந்தப் பொண்ணு இனிமே என் தங்கச்சி மக. கேக்க வர்றவனை நான் பாத்துக்கறேன்."

'மாதிரி வெப்பத்தால் கெட்டது. அப்புறப்படுத்தப்பட்டது' என்று நப்பின்னை எழுதினாள். இருபது ஆண்டுகளில் அவள் எழுதிய முதல் பொய் அது. எழுதி முடித்ததும் மனம் லேசாக இருந்தது.

மறுநாள் அவை நிரம்பி வழிந்தது. கச்சிராயரின் ஆட்கள் கதவோரம் நின்றிருந்தார்கள். நப்பின்னை எழுந்து, திருத்தாத அறிக்கையைக் கையில் எடுத்தாள்.

படிக்கத் தொடங்கியதும் கச்சிராயரின் விரல்கள் இருக்கையின் கைப்பிடியை இறுக்கின. மூன்று முழக் கோட்டைப் பற்றிப் படித்தாள். அதை வைத்துச் சராசரி கணக்கிட்டது தானே என்பதையும் படித்தாள். நின்றுபோன நாற்பது வண்டிகள், புகையற்ற கூரைகள், ஒரு குடத்துக்கு இரண்டு காதம், திண்டில் உட்கார்ந்திருந்த கிழவர், மூடிய வாயில். அவையில் ஒருவரும் இருமவில்லை. மன்னர் கூரையைப் பார்த்தார். காவலன் ஒருவன் ஓரடி முன்னால் வந்தான். தூதர் ஹல்வார் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றுவிட்டான்.

படித்து முடித்தாள். இனி சிறையோ, அதைவிட மோசமோ. எதுவானாலும் தீவினரின் பணம் வராது, கோடு அழியும், வண்டிகள் திரும்பப் போகும் என்று அவள் நம்பினாள்.

ஹல்வார் எழுந்தார்.

"அம்மையே, மூன்று ஐயங்கள். அம்மக்களுக்கு வேறு தொழில் ஏதேனும் உண்டா?"

"இல்லை."

"வேலை தேடி வேறு கோட்டங்களுக்குச் செல்ல இயலுமா?"

"முடியாது. வாயில் மூடியிருக்கிறது."

"ஒரு குடம் நீருக்கு இரண்டு காதம் நடக்கிறார்கள் என்றீர்கள். அது உறுதியா?"

"நானே நடந்தேன்."

ஹல்வார் தம் ஏட்டை மூடினார். மன்னரை நோக்கித் திரும்பியபோது அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது.

"அரசே, பத்து ஆலைகள் அல்ல. இருபது. துறைமுகத்தில் அல்ல, முட்புலத்திலேயே. ஒரு குடம் நீருக்காக இரண்டு காதம் நடப்பவர், இரண்டு குடம் நீருக்காக நாள் முழுவதும் உழைப்பார். வேறெங்கும் செல்லவும் மாட்டார். உலகில் எந்நாட்டிலும் எமக்கு இத்தகைய வாய்ப்புக் கிட்டியதில்லை. இத்துணைப் பெரிய செல்வத்தைத் தங்கள் அமைச்சர் ஏன் எம்மிடம் மறைத்தார் என்பதே எனக்கு விளங்கவில்லை."

"நான் இதை அதற்காக எழுதவில்லை!" நப்பின்னையின் குரல் உடைந்தது.

"எதற்காக எழுதினீர்கள் என்பது அறிக்கையில் இல்லையே, அம்மையே" என்றார் ஹல்வார் பணிவாக.

மன்னர் கூரையிலிருந்து கண்களை இறக்கினார். "முட்புலத்தின் மறைந்திருந்த வளத்தை நம் முதல் அளவையாளர் கண்டறிந்துள்ளார்" என்று அறிவித்தார். அவை கைதட்டியது. புள்ளிவிவரங்களில் நேர்மை வேண்டும் என்று தாம் என்றுமே வலியுறுத்தி வந்ததாகக் கச்சிராயர் நினைவுகூர்ந்தார். நப்பின்னைக்கு 'வளங்காட்டி' என்ற பட்டமும் பொன்னாடையும் அளிக்கப்பட்டன. அவள் வேண்டாமென்று சொன்னது மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

உடன்படிக்கை அன்றே கையெழுத்தாயிற்று. அதன் ஏழாவது பிரிவு இப்படி இருந்தது: 'முதலீட்டாளரை ஈர்த்த நிலைமைகள் கெடாமல் காப்பது அரசின் கடமை. ஆகவே முட்புலத்தில் முப்பது ஆண்டுகளுக்குக் கிணறு வெட்டலாகாது. தண்ணீர் வண்டி செல்லலாகாது. வாயில் திறக்கலாகாது.'

அதுவரை முட்புலத்துக்குச் சாலை போட வழியில்லை என்று சொல்லிவந்த அரசு, நான்கு மாதத்தில் சாலை போட்டது. நீர்மங்கலத்து ஆற்றிலிருந்து ஆலைகளுக்கு ராட்சதக் குழாய் போனது. மாடு விற்ற வண்டிக்காரன் இப்போது ஆலையாரின் வண்டியில் முட்புலத்துக்குப் பஞ்சு ஏற்றிப்போனான். ஒச்சம்மா அவனிடம் சொல்லியனுப்பியதை மன்றத்துக்கு வந்து சொன்னான்.

"ஆலையில சேந்துட்டாங்களாம். விடியலுக்குப் போனா பொழுது சாய விடுறாங்க. கூலி ரெண்டு குடம். மூணாவது குடம் வேணும்னா ஞாயித்துக்கிழமையும் போகணுமாம். ஒங்கமேல வருத்தமில்லன்னு சொல்லச் சொன்னாங்க. பேத்தி கறுப்பா செவப்பான்னு கேட்டாங்க."

"கறுப்பு. நல்ல கறுப்பு. அடர்த்தியாக முடி இருக்கிறது என்று சொல்" என்றாள் நப்பின்னை. வருத்தமில்லை என்று ஒச்சம்மா சொல்லியனுப்பியதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அன்றே பதவி விலகல் ஓலை எழுதினாள். பட்டம் பெற்றவர் விலக விதியில்லை என்று பதில் வந்தது.

மறுநாள் காலை அவள் மன்றத்தின் கதவைத் திறந்தபோது வாசலில் நான்கு பல்லக்குகள் நின்றிருந்தன. ஆற்றுக் கோட்டங்கள் நான்கின் ஆளுநர்களும் நேரில் வந்திருந்தார்கள். மூத்தவரான நீர்மங்கலத்து ஆளுநர் தென்னவராயர் கைகூப்பினார்.

"அம்மையீர், தீவினர் மேலும் முப்பது ஆலைகள் நிறுவப் போகிறார்களாம். எல்லாம் முட்புலத்துக்கே போனால் எங்கள் மக்களின் எதிர்காலம் என்னாவது? மற்றவர்கள் தங்கள் கோட்டத்துக்காகத் தனியே பேசுவார்கள். நீர்மங்கலத்துக்கும் தாங்கள் அதேபோல் ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும்."

"நீர்மங்கலத்தில் முப்போகம் விளைகிறது. ஊர்தோறும் வாய்க்கால் ஓடுகிறது. அங்கே எழுத என்ன இருக்கிறது?"

"அதுதான் குறை, அறிவேன்." தென்னவராயர் அடக்கமாகக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு மாதம் பொறுத்து வந்து அளந்தால் போதும். அதற்குள் வாய்க்கால்களை அடைத்துவிடுகிறோம். இன்று காலையே ஆட்களை அனுப்பிவிட்டேன்."

மற்ற மூவரும் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் முந்திக்கொண்டதில்தான் அவர்களுக்கு வருத்தம்.

நப்பின்னை அவர்களைத் தள்ளிக்கொண்டு படியிறங்கி, வாசலில் நின்றிருந்த தன் வண்டியில் ஏறி மாட்டைத் தட்டினாள். நீர்மங்கலத்துச் சாலையில் பாதி வழியிலேயே மண்மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சாலையை விட்டு இறங்கி, வரப்போரமாகக் குறுக்கு வழியில் விரட்டினாள். வண்டி சேற்றில் புதைந்ததும் குதித்து இறங்கி ஓடினாள்.

தலை மதகுக்குக் கீழே பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். தலைநகரத்து உடையில் ஒருத்தி புடவையைத் தூக்கிச் செருகியபடி சேற்றில் ஓடிவருவதைப் பார்த்து, முன்னால் நின்ற பெண் நிமிர்ந்தாள்.

"என்னம்மா, இப்பிடி ஓடியாறீங்க?"

"வாய்க்காலை... வாய்க்காலை அடைக்க வர்றாங்க. மதகுகிட்ட எல்லாரையும் கூப்பிடுங்க. மம்பட்டி இருந்தா எடுத்துக்குங்க."

"யாரு? பக்கத்து ஊர்க்காரனுகளா?"

"அரசாங்கத்து ஆளுங்க."

"நாங்க என்ன தப்புப் பண்ணுனோம்?"

மூச்சு வாங்கியது. ஓலையும் முத்திரையும் இல்லாமல் ஒரு வாக்கியம் சொல்லி நப்பின்னைக்குப் பழக்கமில்லை.

"தப்பு ஒண்ணும் பண்ணலை. உங்களை முன்னேத்த வர்றாங்க."

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த நாற்றுமுடியைக் கீழே போட்டுவிட்டு, வயலுக்குக் கேட்கும்படி நீளமாக ஒரு குரல் கொடுத்தாள். அங்கங்கே தலைகள் நிமிர்ந்தன. அவள் திரும்பி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை பேரு வர்றாங்க?"

முதல் அளவையாளருக்கு அது தெரியவில்லை. எண்ணாமலே ஓடிவந்திருந்தாள்.